கணக்கில் வராத பார்வையாளர்கள்

ஒரு பத்திரிகை நின்றுபோனால் அதற்கு இரங்கல் எழுத நான்கு பேராவது இருப்பார்கள். சிற்றிதழ் என்றால் நாற்பது பேர்கூட முன்வருவார்கள். ஒரு தொலைக்காட்சி அலைவரிசை நின்றுபோனால், அதிலும் ஐந்து வயது நிரம்பாதவர்களுக்கான அலைவரிசை நின்றுபோனால், அப்படி யாரும் எழுதுவதில்லை. அதன் வாசகர்களுக்கு, அதாவது பார்வையாளர்களுக்கு, எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த வயதில் அது நினைவிலும் இருக்காது. அந்த இடைவெளியில் அன்று பெற்றோர்களாக இருந்தவர்கள்தாம் நிற்கிறோம். ஆகவே, 2012 நவம்பர் 30-ஆம் நாளோடு இந்தியாவில் ஒளிபரப்பை நிறுத்திக்கொண்ட சிபீபீஸ் என்ற அலைவரிசையைப் பற்றி, விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையோரத்து வளவு ஒன்றில் குடியிருந்த நாங்கள் இருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

சிபீபீஸ், பிபிசி நிறுவனத்தின் பிள்ளை. 2002 பிப்ரவரி 11-ஆம் நாள் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமேயான முழுநேர அலைவரிசை என்பது அதற்கு முன் அங்கும் பெரிதாக வேரூன்றாத ஒரு யோசனைதான். காலையில் தொடங்கி மாலை ஏழு மணிக்கு முடிந்துவிடும். கடைசி ஒரு மணி நேரம் குழந்தையைத் தூங்கப் பண்ணுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஏழு மணிக்குமேல் குழந்தை விழித்திருக்கக் கூடாது என்று ஒரு தொலைக்காட்சி நினைத்தது என்பதே நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். பார்ப்பவரை எழுந்து போகவிடாமல் கட்டிப்போடுவதுதான் தொலைக்காட்சியின் இலக்கணம் என்று நாம் கற்றிருக்கிறோம். இதுவோ நாள்தோறும் தன்னையே அணைத்துக்கொண்டு குழந்தையைப் படுக்கைக்கு அனுப்பியது.

பிரிட்டனில் அதற்கு விளம்பரம் கிடையாது. தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் அது நடந்தது. கடல் கடந்து வரும்போது அந்தப் பணம் கூட வராது. பிபிசியின் வணிகப் பிரிவுதான் அதை வெளிநாடுகளுக்குக் கொண்டுவந்தது. நிகழ்ச்சிகள் அவையேதான், பணப்பை மட்டும் வேறு. இந்தியாவுக்கு 2007-இல் வந்த சிபீபீஸின் கதையை இந்த ஒரு வேறுபாட்டுக்குள்ளேயே சுருக்கிவிடலாம்.

அதே 2007 தமிழ்க் குழந்தைகளுக்கு முக்கியமான ஆண்டு. ஏப்ரல் மாதம் சன் குழுமத்தின் சுட்டி டிவி தொடங்கியது. டோராவும் புஜ்ஜியும் தமிழ் பேசிக்கொண்டு வீடுகளுக்குள் நுழைந்தார்கள். அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்த டோரா, இங்கே தமிழ் பேசும் குழந்தைகளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவளாக மாறியிருந்தாள். மாற்றியவர்கள் யாரோ, அவர்களுக்கு எங்கள் வணக்கம். எங்கள் தெருவில் அப்போது வாங்கப்பட்ட புத்தகப்பைகளில் பாதி டோராவின் முகத்தைத் தாங்கியிருந்தன.

அந்த ஆண்டுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் குறையில்லை. 2006 செப்டம்பரில் தொடங்கி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தமிழக அரசு வீடுகளுக்கு இலவசமாக வழங்கியது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. எங்கள் வளவில் ஆறு குடித்தனங்கள், ஆறு பெட்டிகள். ஐந்து வீடுகளில் கேபிள். நாங்கள் மட்டும், 2010-இல் மகளுக்கு இரண்டு வயது ஆனபோது, கூரைமேல் ஒரு கிண்ணத்தைப் பொருத்திக்கொண்டோம். எங்கள் தெருக் கேபிளில் சிபீபீஸ் வரவில்லை, கிண்ணத்தில் வந்தது. ஆகவே வளவின் பொடிசுகள் ஐந்தாறு பேருக்குக் காலை வேளைகளில் எங்கள் வீட்டுக் கூடமே கொட்டகை. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போய்விடுவோம். காவலுக்கு எங்கள் அம்மா இருந்தார், குழந்தைகளைவிட அதிக ஈடுபாட்டோடு.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. குழந்தைகளுக்கும் தெரியாது. டெலிடப்பீஸ் என்ற நான்கு குண்டு உருவங்களுக்கும் ஏறக்குறைய எந்த மொழியும் தெரியாது என்பதால் சிக்கல் ஏதும் எழவில்லை. 1997-இல் அந்தத் தொடர் பிரிட்டனில் வெளியானபோது, மழலையிலேயே பேசுகிறதே, குழந்தையின் மொழி வளர்ச்சி என்னாவது என்று படித்தவர்கள் சண்டை பிடித்தார்கள். ஒரே காட்சியை உடனே மறுபடியும் முழுமையாகக் காட்டும் அதன் வழக்கத்தையும் கேலி செய்தார்கள். ஆனால் மூன்று வயதுக் குழந்தையோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்: அந்த வயதில் கதை என்பது அடுத்து என்ன என்று அறிவதற்கல்ல. அடுத்து வரப்போவது தனக்கு முன்பே தெரியும் என்ற பெருமையை அடைவதற்கு. அமெரிக்காவில் 1996-இல் வந்த புளூஸ் க்ளூஸ் தொடரை உருவாக்கியவர்கள் இதைச் சோதித்தே அறிந்து, ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். வெள்ளிக்கிழமை குழந்தைகள் திரையைவிட உரக்கப் பதில் சொன்னார்களாம். பாட்டிமார் ஒரே நரிக்கதையை நூறு முறை சொல்லவேண்டி வந்ததும் இதே காரணத்தால்தான்.

நாங்கள் கவனித்த இன்னொன்று, மௌனம். முன்பள்ளிக் குழந்தைகளுக்கான நல்ல நிகழ்ச்சிகளில் ஒருவர் திரையிலிருந்து நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். இரண்டு நொடி, மூன்று நொடி. பெரியவர்களுக்குப் படம் உறைந்துவிட்டதோ என்று தோன்றும். அந்த மூன்று நொடி குழந்தைக்கானது. கேள்வி அதன் காதில் விழுந்து, பொருள் விளங்கி, வாய் திறப்பதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். நமது வகுப்பறைகளில் அந்த மூன்று நொடியை யாரும் கொடுப்பதில்லை என்பது, ஆசிரியர்களாகிய எங்களுக்கு எங்கள் கூடத்திலேயே கிடைத்த பாடம். விளம்பர உலகில் மூன்று நொடிக்கு விலை உண்டு. சும்மா நிற்கும் மூன்று நொடியை யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள்.

*

வளவின் கடைசி வீட்டில் இருந்த அக்கா பயர் ஆபீசுக்குப் போகிறவர். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தீப்பெட்டி ஆலையானால் தீப்பெட்டி ஆபீஸ். வேறு எந்த ஊரிலும் ஆபீஸ் என்ற சொல் இவ்வளவு கரி படிந்து கேட்டிருக்காது. காலை ஏழு மணிக்கு முன்பே வேன் வந்து நிற்கும். சரம் பின்னுவது அவருடைய வேலை. அவருடைய மகன் எங்கள் மகளைவிட ஒரு வயது இளையவன். எழுந்ததும் நேராக எங்கள் கூடத்துக்கு வந்து, அரைக்கண்ணோடு திரைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வான்.

ஒரு விடுமுறை நாளில் அக்காவும் வந்து உட்கார்ந்தார். சார்லி, லோலா என்ற அண்ணனும் தங்கையும் தக்காளி சாப்பிடுவதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான குழந்தைகளின் குரலிலேயே பேசும் தொடர் அது. சற்று நேரம் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்:

"இந்த வயசுல எனக்குக் கட்டை அடுக்க மட்டுந்தான் டீச்சர் தெரியும். விடியக்காலம் வேனு வந்துரும். தூக்கத்தோட தூக்கி உள்ள போட்ருவாங்க."

மிகையில்லை. 1970-களிலும் 80-களிலும் இந்த வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து விடியுமுன்பே குழந்தைகள் தீப்பெட்டி ஆலைகளுக்கு ஏற்றிச் செல்லப்பட்டது பதிவான வரலாறு. 1983-இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை அதை இந்தியா முழுவதும் அறியச் செய்தது. 1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை முன்வைத்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அக்கா அதற்குள் குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்தார்.

எனவே எங்கள் வட்டாரத்தில் 'முன்பள்ளிப் பருவம்' என்பது ஒரு புதிய பண்டம். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறது, அதில் வேலை இல்லை, பரீட்சை இல்லை, சும்மா வியந்துகொண்டிருப்பதே கடமை என்ற எண்ணம், கரிசல் மண்ணில் ஒரே தலைமுறை வயதுடையது. அக்காவின் மகன் அந்தப் பண்டத்தை முதன்முதலாகக் கையில் வாங்கியவன். அவன் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்ததை, அக்கா வேறு எந்தச் சாதனையைவிடவும் மேலாக மதித்தார் என்று நினைக்கிறோம். "டிவி பாக்கட்டும் டீச்சர், கண்ணு கெட்டாக் கெட்டுட்டுப் போகுது" என்பார். குழந்தைகளைத் தொலைக்காட்சியிடம் விடலாமா என்று நாங்கள் இருவரும் பத்திரிகைகளில் படித்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கவலையை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வந்ததில்லை.

*

2012-ஆம் ஆண்டை விருதுநகர் மாவட்டத்தில் யாரும் எளிதில் மறக்க முடியாது. ஒருநாளில் பாதி நேரத்துக்குமேல் மின்சாரம் இல்லாத ஆண்டு அது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். இரவில் விசிறியோடு உட்கார்ந்து விடிய வைப்போம். குழந்தைகள் அந்த அட்டவணையைப் பெரியவர்களைவிட விரைவில் கற்றார்கள். கதை பாதியில் அணைந்துவிட்டால் அழுவதை நிறுத்தி, மீதியைத் தாங்களே நடிக்கத் தொடங்கினார்கள்.

செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். நாங்கள் இருவரும் பள்ளிகளில் பேனாவும் பூவும் வாங்கிக்கொண்டிருந்த நண்பகலில், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை தீப்பற்றி வெடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்பைக் கண்டு உதவுவதற்கும் பார்ப்பதற்கும் ஓடிவந்தவர்கள் அடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். அக்கா வேலை செய்தது அந்த ஆலை அல்ல. ஆனால் அது அன்று மாலைவரை எங்களுக்குத் தெரியாது. கைபேசிகள் எடுக்கப்படவில்லை. வளவின் வாசலில் எல்லோரும் நின்றிருந்தோம். உள்ளே அவன் உட்கார்ந்திருந்தான். மின்சாரம் இருந்தது. திரையில் யாரோ அவனைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவன் பதில் சொன்னான். அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனோடு சேர்ந்து தானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் வேன் வர இரவு எட்டு மணி ஆயிற்று.

தொலைக்காட்சி என்பது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என்று ஏளனமாகச் சொல்வது வழக்கம். அன்று அது அந்த வேலையைத்தான் செய்தது. எங்களில் யாராலும் அன்று ஒரு குழந்தையிடம் நிதானமான குரலில் பேசியிருக்க முடியாது.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 13. அதற்குப் பதினேழு நாள் கழித்து சிபீபீஸ் போய்விட்டது. பிபிசி எண்டர்டெயின்மெண்ட் என்ற மற்றோர் அலைவரிசையும் கூடவே போயிற்று. வணிக நோக்கிலான முடிவு என்று சொல்லப்பட்டது. அந்த எண்ணை அழுத்தினால் நீலத் திரை வந்தது. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. ஒருநாள் கேட்டாள், பிறகு கேட்கவில்லை. அக்காவின் மகன் மட்டும் பல நாள் காலையில் வந்து ரிமோட்டை நீட்டினான். "கரண்டு வந்ததும் வரும்" என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். மின்வெட்டு மிகுந்த ஓர் ஆண்டில் அது நம்பத்தக்க பதிலாகவே இருந்தது.

*

ஏன் போயிற்று என்பதைப் பின்னாளில் யோசித்துப் பார்த்தோம். விளம்பரம் கொடுப்பவர் பார்வையாளர் எண்ணிக்கையைக் கேட்பார். அந்தக் காலத்தில் அந்த எண்ணிக்கையைத் தந்தது டாம் என்ற நிறுவனம். அதன் அளவீட்டில் பார்வையாளர் என்பவர் குறைந்தது நான்கு வயது ஆனவர். குழந்தைகள் பிரிவு என்றால் 4 முதல் 14 வரை. கிராமங்கள் அந்த அளவீட்டில் இல்லை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு முதல் ஆறு வயதுக்காக நடத்தப்படும் ஓர் அலைவரிசையின் பார்வையாளரில் பாதிப்பேர் பிறந்ததாகவே கணக்கில்லை. கிராமத்தில் பிறந்திருந்தால் வளர்ந்தாலும் கணக்கில்லை. அக்காவின் மகன் ஒருநாளைக்கு நான்கு மணி நேரம் பார்த்தான், இந்தியத் தொலைக்காட்சி வணிகத்தைப் பொறுத்தவரை அவன் ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை.

அடுத்தது வழித்தடம். பழைய கேபிள் முறையில் சுமார் நூறு அலைவரிசைகளுக்குத்தான் இடம் உண்டு. நூற்றுக்கணக்கானவை வரிசையில் நின்றதால், இடம் பிடிக்க அலைவரிசைகள் கேபிள்காரர்களுக்குப் பணம் கொடுக்கவேண்டிய தலைகீழ் நிலை. எண்முறை ஒளிபரப்பு வந்தால் இடநெருக்கடி தீரும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்கான சட்டத்திருத்தம் 2011-இல் வந்தது. பெருநகரங்களுக்கான முதற்கட்டக் கெடு 2012 அக்டோபர் 31. வாசல் திறந்து ஒரு மாதம் ஆவதற்குள் சிபீபீஸ் கிளம்பிவிட்டது. கதவருகே இத்தனை ஆண்டு காத்திருந்தவர், திறக்கும் ஓசை கேட்டபோது பேருந்துக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு காரணத்தை, அந்த அலைவரிசையின்மேல் எங்களுக்குள்ள அன்பையும் மீறிச் சொல்லவேண்டும். அது தமிழ் பேசவில்லை. டோரா பிழைத்ததற்கும் டெலிடப்பீஸ் பிழைக்காததற்கும் மொழி ஒரு முக்கியக் காரணம். குழந்தையின் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த மூன்று நொடி எவ்வளவு அருமையானதானாலும், கேள்வி விளங்காத குழந்தை அந்த மௌனத்தில் என்ன சொல்லும்? எங்கள் கூடத்துக் குழந்தைகள் சொன்ன பதில்களில் பெரும்பாலானவை கேள்விக்குத் தொடர்பற்றவை. அவர்களுக்கு அது பெரிய குறையாகப்படவில்லை. தங்களைப் பார்த்து ஒருவர் கேட்டார், அதுவே போதுமாயிருந்தது. இருந்தாலும் ஒரு தலைமுறைக்கே அதைப் போதும் என்று சொல்லிவிட முடியாது.

வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கவில்லை. அதே 2012-இன் கடைசி மாதங்களில் டிஸ்னி ஜூனியரும் நிக் ஜூனியரும் இந்தியாவில் தொடங்கின. 2013-இல் சென்னையிலிருந்து சூசூ டிவி யூடியூபில் தன் முதல் பாட்டை ஏற்றியது. சில ஆண்டுகளில் உலகின் எந்த மூலையிலும் ஒரு குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வந்தது. முன்பள்ளிக் குழந்தையின் தொலைக்காட்சி, அலைவரிசை என்ற வடிவத்தையே விட்டுக் கைபேசிக்குப் போய்விட்டது. மேல்நாட்டிலும் இதே போக்குதான்: அமெரிக்காவில் 2005-இல் மழலையருக்காகவே தொடங்கப்பட்ட ஸ்ப்ரவுட், 2017-இல் யுனிவர்சல் கிட்ஸ் என்று பெயர் மாறி, 2025 மார்ச்சில் அணைந்தது. இப்போது எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பார்வையும் எண்ணப்படுகிறது. முன்பு நம் குழந்தைகள் கணக்கில் வரவில்லை என்று வருந்தினோம். இப்போது அளவுக்குமேல் கணக்கில் வருகிறார்கள். ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. ஏழு மணியானால் தூங்கப் போ என்று சொல்லும் திரை இன்று எங்கள் வீடுகளில் இல்லை.

பொதுப்பணத்தில் நடக்கும் நம் தொலைக்காட்சிகளும் இந்த வயதை அதிகம் எட்டிப் பார்த்ததில்லை. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது; நல்ல முயற்சி, ஆனால் அதன் பிறப்பே பள்ளிப் பாடத்துக்காக. 2020-இல் மத்திய அரசு வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்று அறிவித்தபோது, எண்ணிக்கை ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை ஓடியது. ஒன்றுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. பரீட்சை இல்லாத வயதுக்கு அந்த அறிவிப்பில் அலைவரிசை இல்லை. வாங்கும் சக்தி இல்லாத வயதுக்குச் சந்தையில் அலைவரிசை நிலைப்பதில்லை.

அந்த வயதுக்கென்று நம்மிடம் நிலைத்திருப்பது ஒன்றுண்டு. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்டவை. மதிய உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்த காமராசர் பிறந்த ஊர்க்காரர்களாகிய எங்களுக்கு, குழந்தைக்குச் சோறு போடுவது அரசின் வேலை என்பதில் ஐயமே எழுந்ததில்லை. சோற்றோடு, அதனிடம் நிதானமாகப் பேச ஒரு குரலும் கொடுப்பது அதே வேலையின் மறுபாதி என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவின் மகன் இப்போது கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயதில் இருக்கிறான். சிபீபீஸ் என்ற பெயர் அவனுக்கு நினைவில்லை. அக்கா பயர் ஆபீசுக்குப் போவதை நிறுத்தி ஐந்தாண்டு ஆகிறது. தெருமுனை அங்கன்வாடியில் சமையல் உதவியாளராக இருக்கிறார். அந்தச் சுவரில் சிவகாசியில் அச்சிட்ட பழ அட்டவணை ஒன்று தொங்குகிறது. பணியாளர் வராத நாளில் அக்காதான் குச்சியை எடுத்துக்கொண்டு அதன் முன் நிற்கிறார். ஒரு பழத்தைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, குழந்தைகள் வாய் திறக்கும்வரை பேசாமல் நிற்பார். எந்தப் பயிற்சி முகாமிலும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.